சொந்தச் சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்: நிறுவலும் புதுப்பிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்புகள், படங்கள், நாட்காட்டி ஆகியவற்றை நம் சொந்தச் சர்வரிலேயே வைத்துப் பகிர உதவும் மென்பொருள் நெக்ஸ்ட்கிளவுட். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சிறிய அலுவலகத்துக்கும் பல ஆண்டுகளாக அந்தச் சர்வரைப் பராமரித்து வருகிறேன். தங்களுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று நிறுவிக்கொண்ட நண்பர்களும் உறவினர்களும் எங்காவது மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் அழைப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நிறுவுவதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் நான் பார்த்தவரை, கோப்புகளைத் தொலைத்துவிட்டு நின்றவர்கள் நிறுவும்போது தொலைக்கவில்லை, புதுப்பிக்கும்போதுதான் தொலைத்தார்கள். ஆகவே இந்தப் பக்கத்தின் கனம் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

நெக்ஸ்ட்கிளவுட், ஓன்கிளவுட் இரண்டும் ஒன்றா?

ஒரே வேரிலிருந்து வந்தவை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் கார்லிச்செக் 2010-இல் ஓன்கிளவுட் திட்டத்தைத் தொடங்கினார். 2016 ஏப்ரலில் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, அதே ஆண்டு ஜூனில் நெக்ஸ்ட்கிளவுடை அறிவித்தார். முன்பு அதில் வேலை செய்த நிரலாளர்கள் பலரும் அவருடன் வந்தார்கள். மூலநிரல் ஏஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கிறது. 2018-இல் ஜெர்மன் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப மையம் 3,00,000 பயனர்கள் வரை பயன்படுத்தும் அளவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. ஓன்கிளவுட் 2023-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் புதிய வடிவம் ‘கோ’ என்ற நிரல்மொழியில் அடியோடு திரும்ப எழுதப்பட்ட வேறு மென்பொருள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் நெக்ஸ்ட்கிளவுடுக்கே பொருந்தும்.

எனக்கு இது தேவைதானா?

இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு கோப்புறை ஒத்திருந்தால் போதும் என்றால் சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் போதும், சர்வரே வேண்டாம். பலர் சேர்ந்து பயன்படுத்த வேண்டும், இணைப்பு அனுப்பிக் கோப்பைப் பகிர வேண்டும், கைப்பேசிப் படங்கள் தாமாக வந்து சேர வேண்டும், நாட்காட்டியும் தொடர்பு எண்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட் சரியான தேர்வு. மாதம் ஒரு மணி நேரமாவது பராமரிப்புக்கு ஒதுக்க முடியாதவர்கள் தயவுசெய்து தொடங்காதீர்கள். கவனிப்பாரற்ற சர்வரில் குடும்பப் படங்கள் இருப்பதைவிட, பணம் கட்டிய பெரிய நிறுவனத்திடம் இருப்பதே பாதுகாப்பு.

எங்கே நிறுவுவது? ஹோஸ்டிங்கா, வாடகைச் சர்வரா, வீட்டுக் கணினியா?

இணையதளம் நடத்த வாங்கிய மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் நிறுவ முடியும், ஆனால் நிம்மதி இருக்காது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து சர்வரை இயக்கும் கட்டளை முனையம் பெரும்பாலும் கிடைக்காது, ஒவ்வொரு வேலைக்கும் நேர வரம்பு உண்டு. நிறுவுவதற்கு அது தடையில்லை. ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

நான் பரிந்துரைப்பது உங்களுக்கே முழு உரிமையுள்ள மெய்நிகர் சர்வர், அதாவது வாடகைச் சர்வர். ஐந்தாறு பேருக்கு 2 முதல் 4 ஜிபி நினைவகம் போதும்.

வீட்டில் வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ரூட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியும், இணையத்தில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், குறிப்பாக ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. நிலையான முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது விபிஎன் வழியாக மட்டும் பயன்படுத்த வேண்டும். மின்தடைக்கு யுபிஎஸ்ஸும் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் முதலில் அடிவாங்குவது தரவுத்தளம்தான்.

நிறுவுவதற்கு நான்கைந்து வழிகள் சொல்கிறார்கள். எது நல்லது?

சர்வர் வேலையில் பழக்கம் இல்லை, ஆனால் சொந்தமாக ஒரு மெய்நிகர் சர்வர் இருக்கிறது என்றால் ‘ஆல் இன் ஒன்’ எனப்படும் டாக்கர் வடிவம் (டாக்கர் என்பது மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் முறை). நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனமே தருகிறது. தரவுத்தளம், வேகத்துக்கு உதவும் ரெடிஸ், பாதுகாப்பான இணைப்புக்கான (எச்டிடிபிஎஸ்) சான்றிதழ், போர்க் மென்பொருள் வழியிலான காப்புப்பிரதி எல்லாம் சேர்ந்தே வரும். காப்புப்பிரதியைத் திறக்க ஒரு நீண்ட கடவுச்சொல்லைக் காட்டும். அதை அந்தச் சர்வரிலேயே சேமித்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் போனால் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடும். தாளில் எழுதி வையுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்குத் தொகுப்புக் கோப்பைப் பதிவிறக்கி, வலைச் சர்வர் (அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ்), நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்டுள்ள மொழியான பிஎச்பி, தரவுத்தளம் ஆகியவற்றைத் தாமே அமைப்பது நல்லது. நான் செய்வது இதைத்தான். முதல் முறை ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும். கெட்டுப்போகும்போது எங்கே கைவைப்பது என்பது அந்த மாலையில்தான் பிடிபடும்.

உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்பு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மிக எளிது, ஆனால் உங்கள் விருப்பப்படி மாற்றியமைக்க இடம் குறைவு. பகிர்வு ஹோஸ்டிங் மட்டுமே உள்ளவர்களுக்கு ஒற்றைப் பிஎச்பி கோப்பாகக் கிடைக்கும் வலைவழி நிறுவி இருக்கிறது. அதை ஏற்றிவிட்டு உலாவியில் திறந்தால் மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும்.

எஸ்கியூலைட் போதாதா?

எஸ்கியூலைட் என்பது ஒரே கோப்பில் இயங்கும் சிறிய தரவுத்தளம். ஒருவர் சோதித்துப் பார்க்கப் போதும். ஒத்திசைவுச் செயலியை இரண்டு கைப்பேசியிலும் ஒரு மடிக்கணினியிலும் போட்ட அன்றே மூச்சுத்திணறத் தொடங்கும். தொடக்கத்திலேயே மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுங்கள். ஏற்கெனவே எஸ்கியூலைட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், மாற்றிக்கொடுக்கும் கட்டளை ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது.

தரவுக் கோப்புறையை எங்கே வைப்பது?

வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே. நிறுவும் பக்கம் இயல்பாகக் காட்டும் இடம் அதற்கு உள்ளேயே இருக்கும், அப்படியே ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள். அப்பாச்சியில் தடுப்புக்கு ஒரு ‘எச்டிஅக்சஸ்’ கோப்பு இருக்கிறது. என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. அமைப்பில் ஒரு வரி தவறினால் உங்கள் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் முகவரி தட்டி எடுக்கலாம். பின்னால் இடம் மாற்றுவதும் சுலபமல்ல, முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

தரவை வெளி வட்டில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது வட்டு இணையவில்லை என்றால் அந்த இடத்தில் வெறும் கோப்புறைதான் இருக்கும். நெக்ஸ்ட்கிளவுட் உடனே ‘தரவுக் கோப்புறை செல்லாது, அதற்குள் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும்’ என்று நின்றுவிடும். பழைய பதிப்புகளில் புள்ளியில் தொடங்கும் ‘ஓசிடேட்டா’, புதியவற்றில் ‘என்சிடேட்டா’ என்பது அந்த மறைகோப்பின் பெயர். பலர் செய்தியைப் படித்துவிட்டு அந்த வெறும் கோப்புறைக்குள் அந்தக் கோப்பை உருவாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்! அது உங்களைக் காப்பாற்ற நிற்கும் காவல்காரன். அதை ஏமாற்றினால் ‘கோப்புகள் எல்லாம் நீக்கப்பட்டன’ என்று மென்பொருள் பதிந்துகொள்ளும். பிறகு வட்டை இணைத்தாலும் பழைய பகிர்வுகளும் குறிச்சொற்களும் திரும்ப வராது. செய்ய வேண்டியது வட்டை இணைப்பது மட்டும்தான்.

‘நம்பகமற்ற தளப்பெயர் வழியாக அணுகுகிறீர்கள்’ என்று வருகிறது.

நெக்ஸ்ட்கிளவுடின் அமைப்புகளை வைத்திருக்கும் ‘கான்ஃபிக்’ கோப்பில் நம்பகமான தளப்பெயர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். நிறுவும்போது எந்த முகவரியில் திறந்தீர்களோ அது மட்டும் அதில் இருக்கும். ஐபி எண்ணில் நிறுவிவிட்டுப் பிறகு தளப்பெயர் வாங்கியவர்களுக்கு இது கட்டாயம் வரும். புதிய பெயரை அடுத்த வரிசை எண்ணுடன் சேர்த்தால் முடிந்தது. எல்லாவற்றையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறியைப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாள்தான் செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அன்றே செய்துவிடுங்கள்.

பெரிய வீடியோக்கள் ஏற மறுக்கின்றன. ஏன்?

வழியில் பல வாசல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. பிஎச்பியில் ஒரு கோப்பின் இயல்பு வரம்பு 2 எம்பி, ஒரு கோரிக்கையின் வரம்பு 8 எம்பி. என்ஜின்எக்ஸில் கோரிக்கையின் இயல்பு வரம்பு வெறும் 1 எம்பி. அப்பாச்சியில் முன்பு வரம்பே இல்லை, 2.4.54 பதிப்பிலிருந்து 1 ஜிபி ஆனது. நெக்ஸ்ட்கிளவுடின் செயலிகள் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புவதால் சில இடங்களில் பிரச்சினை மறைந்திருக்கும், வேறு செயலியில் வெப்டேவ் என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஏற்றும்போது வெளிப்படும். தற்காலிகக் கோப்புறையில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎச்பியின் நினைவக வரம்பைப் பொறுத்தவரை 512 எம்பி வைக்கச் சொல்கிறது அதிகாரபூர்வ ஆவணம், அதற்குக் குறைக்காதீர்கள்.

எஃப்டிபி மூலம் தரவுக் கோப்புறைக்குள் நேரடியாகப் போட்ட கோப்புகள் தெரியவில்லை.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நெக்ஸ்ட்கிளவுட் தரவுத்தளத்தில்தான் பார்க்கும், வட்டை ஒவ்வொரு முறையும் துழாவாது. ‘ஓசிசி’ என்ற கட்டளைக் கருவியில் கோப்புகளை வருடும் கட்டளை இருக்கிறது, அதை ஓட்டினால் தெரியும். போட்ட கோப்புகளின் உரிமை வலைச் சர்வரின் பயனருக்கு இருக்க வேண்டும். ஓசிசியையும் அதே பயனராகத்தான் ஓட்ட வேண்டும், முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனராக ஓட்டினால் மறுத்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

பதிப்பு எண்ணில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள். 31.0.2 என்பதிலிருந்து 31.0.5 என்பதற்குப் போவது பிழைதிருத்தம், வந்த வாரத்திலேயே போட்டுவிடலாம். 31-இலிருந்து 32-க்குப் போவது பெரிய மாற்றம். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஓராண்டு அளவுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பெரிய பதிப்பு வெளிவந்த அன்றே பாயாமல், இரண்டாவது அல்லது மூன்றாவது திருத்தம் வரும்வரை பொறுத்துப் போவது என் வழக்கம். ஆனால் ஆதரவு முடிந்த பதிப்பில் ஒருநாளும் இருந்ததில்லை.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஒரு பாடம். அந்த அக்டோபரில் என்ஜின்எக்ஸுடன் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியை ஓட்டும் பகுதி) சேர்ந்து இயங்கும் அமைப்பில் ஓர் ஓட்டை வெளியானது. நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் அக்டோபர் 24 அன்றே எச்சரித்தது. நவம்பரில் ‘நெக்ஸ்ட்கிரை’ என்ற பணயத் தீநிரல் நெக்ஸ்ட்கிளவுட் சர்வர்களில் கோப்புகளைப் பூட்டத் தொடங்கிவிட்டது. ஓட்டை இருந்தது நெக்ஸ்ட்கிளவுடில் அல்ல, பிஎச்பியில். ஆகவே புதுப்பிப்பு என்றால் இயங்குதளம், பிஎச்பி, வலைச் சர்வர் எல்லாம் சேர்த்துத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒத்திசைவு வைத்திருந்த கணினிகளில் சர்வரின் பூட்டப்பட்ட கோப்புகளே போய் உட்காரும். ஒத்திசைவு காப்புப்பிரதி ஆகாது.

இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கவில்லை. நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா?

கூடாது, முடியவும் முடியாது. பெரிய பதிப்புகளை ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் தரவுத்தளத்தின் அமைப்பு மாறுகிறது, நடுவில் ஒன்றை விட்டால் அடுத்தது எதன்மேல் கட்டுவது?

இதில் சிக்கவைப்பது பிஎச்பிதான். ஓர் உண்மையான நிலைமையைச் சொல்கிறேன். உபுண்டு 20.04-இல் இயல்பாக வந்தது பிஎச்பி 7.4. அதில் நெக்ஸ்ட்கிளவுட் 24 ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7.4-ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு 25. 26-க்குப் பிஎச்பி 8 வேண்டும். அதே 25, பிஎச்பி 8.1-ஐயும் ஏற்கும். எனவே 24-இலிருந்து 25-க்கு ஏறி, அங்கே நின்று, பிஎச்பியை 8.1-க்கு மாற்றி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு 26, 27, 28 என்று போக வேண்டும். 8.1-ஐ வைத்துக்கொண்டே 31 வரை ஏறிவிடலாம். உபுண்டு 22.04-இல் இருப்பதும் 8.1 என்பதால் இயங்குதளத்தை மாற்றச் சரியான இடமும் அந்த 25-தான். அவசரப்பட்டு முதலில் உபுண்டுவை 24.04-க்கு ஏற்றினால் பிஎச்பி 8.3 வந்து நிற்கும், பழைய நெக்ஸ்ட்கிளவுட் திறக்கவே மறுக்கும்.

ஒவ்வொரு படியிலும் உள்நுழைந்து, இரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்து, பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் ‘கிரான்’ ஒருமுறை ஓடி முடியும்வரை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

புதுப்பிக்கும் முன் எதையெல்லாம் படியெடுத்து வைக்க வேண்டும்?

நான்கு. தரவுக் கோப்புறை, தரவுத்தளம், ‘கான்ஃபிக்’ கோப்புறை, நீங்களே சேர்த்த தீம் அல்லது செயலிகள்.

பலரும் தரவுக் கோப்புறையைப் படியெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். யார் யாருக்கு எதைப் பகிர்ந்தார்கள், நாட்காட்டியில் என்ன இருக்கிறது, தொடர்பு எண்கள், கருத்துரைகள் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ‘கான்ஃபிக்’ கோப்பில் இருக்கும் ரகசியச் சாவி இல்லாமல், சேமித்த வெளிச் சேமிப்பகக் கடவுச்சொற்களை யாராலும் படிக்க முடியாது.

வரிசை முக்கியம். முதலில் பராமரிப்பு நிலையைப் போடுங்கள், யாரும் எதையும் மாற்றாமல் இருக்க வேண்டும். பிறகு தரவுத்தளத்தை எடுங்கள். மரியாடிபி என்றால் ஒரே பரிவர்த்தனையாக எடுக்கும் விருப்பத்துடன் எடுக்க வேண்டும். எடுத்த கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள், ‘படியெடுப்பு முடிந்தது’ என்ற பொருளில் ஒரு வரி தேதியுடன் இருக்கும். பாதியில் வட்டு நிறைந்து நின்றுபோன கோப்பு வெளியிலிருந்து பார்த்தால் முழுக் கோப்பைப் போலவேதான் இருக்கும். பிறகு ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் கருவி மூலம் கோப்புறைகளை எடுங்கள். எல்லாவற்றையும் வேறொரு இயந்திரத்துக்கு அனுப்புங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிரதியிலிருந்து ஒரு காலிச் சர்வரில் முழுவதையும் எழுப்பிப் பாருங்கள். நான் தீபாவளி விடுமுறையில் செய்கிறேன். முதல் முறை செய்தபோது என் பிரதியில் ‘கான்ஃபிக்’ கோப்புறையே இல்லை என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக எடுத்த எந்தப் பிரதியிலும் இல்லை!

உலாவியில் இருக்கும் புதுப்பிப்புப் பொத்தானே காப்புப்பிரதி எடுப்பதாகச் சொல்கிறதே?

அது எடுப்பது மென்பொருளின் நிரலையும் அமைப்பையும் மட்டும். உங்கள் கோப்புகளையும் எடுக்காது, தரவுத்தளத்தையும் எடுக்காது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

பொத்தானை அழுத்துவதா, கட்டளை முனையமா?

முனையம் கிடைக்கும் எல்லாருக்கும் முனையமே. உலாவி வழியாக ஓடும் வேலைக்கு வலைச் சர்வர் ஒரு நேர வரம்பு வைத்திருக்கும். நிறையக் கோப்புகள் உள்ள இடத்தில் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையை மாற்றவே பல நிமிடங்கள் ஆகலாம். பாதியில் கயிறு அறுந்துவிடும்.

தொடக்க காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு நேர்ந்தது இது. பொத்தானை அழுத்தினேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமையிழந்து பக்கத்தைப் புதுப்பித்தேன். ‘இந்தப் படி நடந்துகொண்டிருக்கிறது, பிறகு வாருங்கள்’ என்றது. பத்து நிமிடம் கழித்தும் அதே. அந்த ஹோஸ்டிங் நிறுவனத்தில் இரவில் பதில் சொல்ல ஆளில்லை, என்னிடம் தரவுத்தளப் பிரதி இல்லை. விடிந்தால் அலுவலகத்தார் கோப்புகளைத் தேடுவார்கள். தரவுக் கோப்புறைக்குள் ‘அப்டேட்டர்’ என்று தொடங்கும் கோப்புறையில் ‘ஸ்டெப்’ என்ற மறைகோப்பு ஒன்று இருக்கிறது, அதில்தான் எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதியிருக்கும் என்பதை அதிகாலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்தேன். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கியதும் ஓடி முடிந்தது. நீங்கள் அதை நீக்கும் முன், உண்மையிலேயே பின்னணியில் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முனையத்தில் செய்யும் முறை சுருக்கமாக: ‘அப்டேட்டர்’ கோப்புறையில் உள்ள ‘ஃபார்’ கோப்பை வலைச் சர்வரின் பயனராக ஓட்டுங்கள். அது பதிவிறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, பழைய நிரலை அகற்றிப் புதியதை வைக்கும். பிறகு ஓசிசி மூலம் தரவுத்தளத்தை மேம்படுத்தலாமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பராமரிப்பு நிலையை அப்படியே வைக்கட்டுமா என்பது கடைசிக் கேள்வி, அதற்கு இல்லை. தொலைவிலிருந்து இணைபவர்கள் ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ உள்ளே ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

தொகுப்புக் கோப்பைப் பழையதன் மேலேயே விரித்துவிட்டேன். பிழையா?

பிழைதான். புதிய பதிப்பில் நீக்கப்பட்ட பழைய கோப்புகள் அப்படியே தங்கி, ஒருமைப்பாட்டுச் சோதனை எச்சரிக்கை தரும், சில நேரம் மென்பொருளே குழம்பும். பழைய கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, புதியதைத் தனியாக விரித்து, ‘கான்ஃபிக்’ கோப்பையும் நீங்கள் சேர்த்த செயலிகளையும் மட்டும் கொண்டுவர வேண்டும். தரவுக் கோப்புறை உள்ளேயே இருந்தால் அதையும் நகர்த்த மறக்காதீர்கள்.

பராமரிப்பு நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

‘கான்ஃபிக்’ கோப்பில் ‘மெயின்டனன்ஸ்’ என்ற வரி உண்மை (‘ட்ரூ’) என்று இருக்கும், அதைப் பொய் (‘ஃபால்ஸ்’) என்று மாற்றினால் திறந்துவிடும். ஓசிசி மூலமும் அணைக்கலாம். ஆனால் மேம்படுத்தல் பாதியில் நின்றிருந்தால் திறப்பதால் பயனில்லை. பதிவேட்டில் கடைசிப் பிழையைப் படித்து, காரணத்தைச் சரிசெய்து, மேம்படுத்தும் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

புதிய பதிப்பு பிடிக்கவில்லை. பழையதற்குத் திரும்பலாமா?

திரும்பும் வழி ஒன்றே ஒன்று: புதுப்பிக்கும் முன் எடுத்த பிரதி. பழைய நிரலை மட்டும் வைத்தால் ஓடாது. பிரதியிலிருந்து மீட்ட பிறகு, ஓசிசியில் தரவுக் கைரேகையை மாற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதை மறக்காமல் ஓட்டுங்கள். சர்வர் பழைய நிலைக்குப் போயிருக்கிறது என்று அது செயலிகளுக்கு அறிவிக்கும். அப்போதுதான் கணினிகளில் இருக்கும் புதிய கோப்புகளைப் பழையவற்றால் அழிக்காமல் முரண்பட்ட பிரதிகளாக எடுத்து வைக்கும்.

புதிய பதிப்பு வந்துவிட்டதாகச் செய்தி படித்தேன். என் சர்வரில் காட்டவில்லை.

எல்லாருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. சிறு பகுதியினருக்கு முதலில் கொடுத்து, சிக்கல் இல்லை என்றால் மற்றவர்களுக்கும் திறப்பார்கள். காத்திருங்கள். பீட்டா வழிக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், அங்கிருந்து திரும்ப முடியாது.

புதுப்பித்த பிறகு மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக வருகின்றன.

பயப்பட வேண்டாம். ‘சில சுட்டுவரிசைகள் (தரவுத்தளத் தேடலை விரைவாக்குபவை) இல்லை’ என்பதற்கு ஓசிசியில் சேர்க்கும் கட்டளை இருக்கிறது. பின்னணி வேலைகள் ஓடவில்லை என்றால் கிரானை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமைக்க வேண்டும். காணாமல் போன செயலிகள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாததால் அணைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு உயிர்நாடியான செயலி எது என்று முன்பே பார்த்து, அது தயாரான பிறகு ஏறுவதே நல்லது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளில் சில மட்டும் காணவில்லை. எப்படி?

ஓர் உறவினரின் மேக் கணினியோடு இருந்த பழைய வட்டிலிருந்து குடும்பப் படங்களைச் சர்வருக்கு நேரடியாகப் படியெடுத்தேன். ‘அம்மா’, ‘திருமணம்’, ‘பள்ளி’ எல்லாம் வந்தன. ‘பொங்கல்’, ‘கோவில்’, ‘தோட்டம்’ வரவில்லை. முனையத்தில் பார்த்தால் மூன்றும் இருக்கின்றன, உலாவியில் இல்லை. அந்த மூன்று பெயர்களுக்கும் பொதுவானது என்ன என்று பாருங்கள்: ஒகர, ஓகார உயிர்மெய்கள்.

யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகள், அல்லது ககரம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று குறியீடுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது, நெக்ஸ்ட்கிளவுட் சேர்த்த வடிவை எதிர்பார்க்கிறது. ஓசிசியில் வருடினால் ‘பொருந்தாத குறியாக்கம், அணுக முடியாது’ என்று அந்தப் பெயர்களைக் காட்டும். ஒகர, ஓகார, ஔகாரம் இல்லாத பெயர்களில் பிரிக்க எதுவும் இல்லை என்பதால் அவை தப்பித்துவிடுகின்றன.

‘கன்வ்எம்வி’ என்ற சிறு கருவி இதைத் தீர்க்கும். முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டச் சொல்லிவிட்டு, பிறகு உண்மையாக ஓட்டுங்கள். பின் மறுபடி வருடினால் பொங்கலும் கோவிலும் வந்துவிடும். வெளிச் சேமிப்பகமாக இணைத்திருந்தால் அதன் அமைப்பிலேயே மேக் குறியாக்கத்துக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் வேகம் குறையும்.

நீளமான தமிழ்ப் பெயர்களை ஏற்க மறுக்கிறது.

லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘கோ’ என்றால் 6 பைட்டு, ‘ஸ்ரீ’ என்றால் 12. மொத்தம் 85 குறியீடுகள்தான் கிடைக்கும், அது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கில் இன்னும் குறைவு. தீர்மான நகலுக்கு முழுத் தலைப்பையும் பெயராக வைக்கும் பழக்கமுள்ள அலுவலகங்களில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

சர்வரில் குறியாக்கத்தைப் போடலாமா?

கோப்புகள் வேறொருவரின் சேமிப்பகத்தில் இருந்தால் மட்டும். சொந்த வட்டில் இருந்தால் சாவியும் பூட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும். சாவி தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது. சர்வரின் வட்டை முழுவதுமாகக் குறியாக்கம் செய்வதே பெரும்பாலானோருக்குப் போதும். அதைவிட முதலில் செய்ய வேண்டியது எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டார் படங்களை எப்படி எடுப்பார்கள்?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர், என் அத்தை. அதன்பின்தான் நானும் யோசித்தேன். நெக்ஸ்ட்கிளவுட் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. தரவுக் கோப்புறைக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை, அதற்குள் ‘ஃபைல்ஸ்’, அதற்குள் நீங்கள் பார்க்கும் அதே அடுக்கு. குறியாக்கம் போடாமல் இருந்தால் நெக்ஸ்ட்கிளவுடே இல்லாமல் படிக்கலாம். ஆனால் லினக்ஸ் வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால் ‘வடிவமைக்கவா’ என்று கேட்கும், பதறிப்போய் ஆம் என்று அழுத்திவிட வாய்ப்புண்டு. ஆகவே மாதம் ஒருமுறை விண்டோஸிலும் திறக்கும் ஒரு வட்டில் படங்களை மட்டும் தனியாகப் படியெடுத்து அத்தையின் பீரோவில் வைத்திருக்கிறேன். கூடவே ஓர் உறையில் சர்வரின் வாடகை எங்கே கட்டப்படுகிறது, எந்த நாள் காலாவதியாகிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாள். அதை எழுதும்போது கடவுச்சொற்களையும் எழுதி, மாற்றும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துப் புதியதை வைக்கிறேன்.